துரை விட்டுவிட்டுப் போன துப்பாக்கி

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அது சுடாது. இல்லை, அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். மனம் வந்தால் சுடும், வராவிட்டால் சுடாது. அந்த மனம் துரையுடையது அல்ல, துப்பாக்கியுடையது. இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நாங்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் அதைக் கேலி பேச மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிக உரிமை உண்டு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு வடக்கே, உலு திராமிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. நான் அங்கேயே பிறந்தவள். காலையில் பால் எடுக்க மரம் சீவுவேன், மத்தியானத்துக்கு மேல் துரையின் பங்களாவைக் கூட்டித் துடைப்பேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன், வாய் மட்டும் அதற்கு மேலேயும் படித்துவிட்டது என்று அம்மா திட்டுவார். அந்த வாயால் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் துப்பாக்கியை முதலில் பார்த்தது பங்களாவில், துரையின் எழுத்து மேசை மேல்தான். கறுநீல நிறம். என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள அளவு நீளம். போலீஸ்காரர்கள் இடுப்பில் பார்த்திருக்கிற துப்பாக்கி மாதிரி அதற்குத் தோட்டா போடும் உருளை கிடையாது. மேசையைத் துடைக்க அதை நகர்த்த வேண்டுமென்றால் இரண்டு கையாலும்தான் தூக்க முடியும். தூக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

அது சுட்டதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் காட்டுப்பன்றிகள் வந்து இளங்கன்றுகளை வேரோடு தோண்டிப் போட்டன. துரை வேட்டைக்குக் கிளம்பினார். எங்கள் ஆண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு பன்றியை விரட்டி வந்தார்கள், பெண்கள் நாங்கள் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம். பன்றி வந்தது. துரை துப்பாக்கியை நீட்டினார். டிக் என்றது. மறுபடி நீட்டினார். அந்த டிக்கும் வரவில்லை. பன்றி நின்று அவரைப் பார்த்தது, சத்தியமாகச் சொல்கிறேன், நின்று பார்த்தது. துரை துப்பாக்கியைத் தொடையில் ஓங்கித் தட்டி, ஆங்கிலத்தில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடியும் விசையை இழுத்தார். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்குக் காட்டுக்குள் போய்விட்டது. ஆனால் அதற்குப் பின்னால் நின்ற முற்றிய ரப்பர் மரம் பிளந்து, என் கை நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்து, பால் குபுகுபுவென்று வழிந்தது. துரைக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. வெளியே தெறித்த தோட்டா உறை திரும்பி வந்து அவர் நெற்றியிலேயே அடித்தது. பெரிய கிராணி ஓடிப்போய்த் தன் கைக்குட்டையால் துரையின் இரத்தத்தைத் துடைத்தார்.

பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர். துரைக்கு அடுத்தபடியாக எங்கள் தலையெழுத்து அவர் கையில்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வாயில் எப்போதும் வெற்றிலை.

அன்றைக்கு லயத்தில் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லயம் என்பது எங்கள் குடியிருப்பு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் சிரித்தால் கடைசி வீடு வரை கேட்கும். என் அண்ணன்தான் அந்தத் துப்பாக்கிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தான். கூப்பிட்டால் வராது, கெஞ்சினால் முறுக்கும், வந்துவிட்டாலோ வீடே அதிரும் என்று நடித்துக் காட்டினான். அதிலிருந்து துரை துப்பாக்கியோடு நடந்து போனால், 'மாப்பிள்ளை ஊர்வலம் போகுது' என்று குசுகுசுப்போம். எனக்குக் கல்யாணமாகி, பத்து பகாட் என்ற ஊரிலிருந்து என் கணவர் வந்து சேர்ந்தபோது, லயத்தில் இரண்டு மாப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். என்னுடையவர் ஒருநாளும் முறுக்கியதில்லை. அதிகம் பேசவும் மாட்டார். ஸ்டோர் என்கிற பால் கொட்டகையில் பாலை உறைய வைத்து, ஷீட் என்கிற ரப்பர்த் தகடு போடுகிற வேலை அவருக்கு.

ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்றார்கள். வரமாட்டான் என்றார் துரை. ஒரு நாள் காலையில் பங்களாவுக்குப் போனேன், கதவு திறந்து கிடந்தது. காரைக் காணோம். துரை பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மாப்பிள்ளை மட்டும் குளியலறை அலமாரியில் ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது. எங்களையும் அதையும் ஒரே மாதிரிதான் விட்டுவிட்டுப் போனார் என்று அப்போதே எனக்கு ஆத்திரம் வந்தது.

வெயில் ஏறியதும் ஆட்கள் பங்களாவுக்குள் புகுந்தார்கள். ஒருவர் நாற்காலியை எடுத்தார், ஒருத்தி திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு போனாள், என் அண்ணன் துரையின் கண்ணாடி போட்ட சீப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டான். அண்ணனுக்குத் தலைமுடி மேல் அவ்வளவு பிரியம். நான் மாப்பிள்ளையை எடுத்து, கூட்டுகிற கூடையில் போட்டு, மேலே குப்பையைப் பரப்பிக்கொண்டு வந்தேன். எதற்கு எடுத்தாய் என்றால் பதில் சொல்லத் தெரியாது. பிளந்த மரம் கண்ணிலேயே நின்றது. அவ்வளவுதான்.

"இத எங்க புள்ள வைக்கிறது?" என்றார் என் கணவர்.

"ஸ்டோர்ல ஒளிச்சு வைங்க."

"துரு பிடிச்சிரும்."

"பாலுக்குள்ள போட்டுருங்க. ரப்பருக்குள்ள தண்ணி எப்படிப் போகும்?"

எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. ரப்பர் தண்ணீரை விடாது, பிறந்ததிலிருந்து அதைத்தானே பார்க்கிறோம். ஒரு தட்டில் துப்பாக்கியை வைத்தார், அது மூழ்குகிற வரை பாலை ஊற்றினார், உறைவதற்கு வழக்கம்போல ஆசிட் கலந்தார். கை தானாகச் செய்கிற வேலை அது. மறுநாள் வெள்ளைக் கட்டியாக, சீம்பால் மாதிரி உறைந்து கிடந்தது. ஷீட் என்றால் உருளையில் கொடுத்து அந்த ஆசிட் தண்ணீரைப் பிழிந்துவிடுவோம். துப்பாக்கியை உருளையில் கொடுக்க முடியுமா? பிழியாமலே விட்டோம். மாப்பிள்ளையை ஆசிட்டிலேயே ஊறப் போட்டிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான். ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும்தான் வரும் இந்த அறிவு.

ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் ஸ்டோர் மூடிக் கிடந்தது. நாறிப்போன பால்கட்டிகள் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கள் கட்டியும் ஒன்று. அந்த நாற்றத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

ஜப்பான்காரர்கள் தோட்டத்துக்கு வந்தபோது முதலில் துப்பாக்கியைத்தான் கேட்டார்கள். பெரிய கிராணி இடுப்பை மடித்துக் குனிந்து, காவல்காரரின் பழைய வேட்டைத் துப்பாக்கியை இரண்டு கையாலும் கொடுத்தார். இதைத் தவிர இந்தத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கியும் கிடையாது, என் தலை பொறுப்பு என்றார். மாப்பிள்ளை துரையோடு போய்விட்டது என்று அவர் நினைத்திருந்தார். அதிகாரி அவர் தோளைத் தட்டினான். அன்றிலிருந்து கிராணி அவர்களுடைய ஆளாகிவிட்டார். துரையின் நெற்றியைத் துடைத்த அதே கைக்குட்டைதானோ என்னவோ, இப்போது ஜப்பான்காரன் உட்காரும் நாற்காலியைத் துடைத்தது.

அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணிக்குப் பதில் கோணி வந்தது. அதெல்லாம் தாங்கினோம். பிறகு சயாம் வந்தது.

கிராணி வெற்றிலைத் தட்டோடு லயத்துக்கு வந்து சிரித்துச் சிரித்துப் பேசினார். "வடக்கே சயாம் தேசத்துல ஜப்பான்காரங்க ரயில் ரோடு போடுறாங்க. கொஞ்ச மாசம்தான். மூணு வேளையும் அரிசிச் சோறு. வந்தா ராஜா மாதிரி வரலாம்." என் அண்ணன் முதல் லாரியிலேயே ஏறினான். எண்ணெய்ச் சீசாவும் சீப்பும் ஒரு மாற்று வேட்டியும் எடுத்துக்கொண்டான். லாரி மேலே நின்று தலையை வாரிக்கொண்டே, "அழுவாத, உனக்கு சயாம் பட்டு வாங்கிட்டு வரேன்" என்று கத்தினான். எனக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவன்.

வெகுநாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் தப்பி வந்தார். கால் முழுக்கப் புண், கண் உள்ளே போயிருந்தது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. மழையிலேயே வேலை, மழையிலேயே தூக்கம், வாந்திபேதி வந்தால் உயிர் போவதற்கு முன்னாலேயே குழிக்குப் பக்கத்தில் கொண்டு போட்டுவிடுவார்களாம். அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டாரும்மா" என்றார். தலையை மொட்டையடித்துவிட்டிருந்தார்களாம். எனக்கு அழுகை வரவில்லை.

அதற்கப்புறம் யாரும் விரும்பிப் போகவில்லை. கிராணியின் வெற்றிலைத் தட்டும் காணாமல் போயிற்று. நேரே வந்து ஆளைக் காட்டுவார், காலையில் லாரி ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் மத்தியானம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"நாளைக்குக் காலையில லாரி வரும். நீ தயாரா இரு" என்றார் என் கணவரிடம். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டிலும்.

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஓடிருங்க" என்றேன்.

"நான் ஓடினா உன்னைப் பிடிச்சு அடிப்பான் புள்ள."

"அப்ப போகப் போறீங்களா? அண்ணன் போன மாதிரியா?"

அவர் எழுந்து மாற்று வேட்டியை எடுத்து மடித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயமும் இருந்தது, ஆனால் அன்று கோபம்தான் பெரிது. மரம் சீவுகிற உளியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தேன். போகிற வழியில் கிராணி வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து, "தொரை பங்களாச் சாமான் ஒன்னு ஸ்டோர்ல ஒளிச்சு வச்சிருக்கேன், கிராணி ஐயாகிட்ட மட்டும் சொல்லு" என்றேன். அவர் தனியாகத்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். பங்களாச் சாமானைப் பங்கு போட யாரையாவது கூட்டி வருவாரா?

கட்டியை உளியால் கிழித்தேன். உள்ளிருந்து புளித்த தண்ணீர் கொட்டியது. மாப்பிள்ளையைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. கறுநீலம் போய்விட்டது. உடம்பெல்லாம் செங்கல் நிறம். விசையைச் சுற்றி ரப்பரும் துருவும் சேர்ந்து அப்பிக்கிடந்தன. சுரண்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

உள்ளே வந்த கிராணி ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மலாய்க்காரர்கள் மாதிரி ஆச்சரியப்பட்டுச் சிரித்தார்.

"அலமாக்! நம்ம மாப்பிள்ளையா? இத்தனை நாளா இங்கயா கிடந்துச்சு? குடு இப்படி."

"அங்கயே நில்லுங்க ஐயா."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? தொரை கையிலயே அது சுடல. உன் கையில சுடுமா?"

சொல்லிக்கொண்டே ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

நான் விசையை இழுத்தேன். மிரட்டுவதற்காக இல்லை, கொல்வதற்காகத்தான் இழுத்தேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதும் இல்லை. என் அண்ணனை ஏற்றிவிட்ட கை அது, என் புருஷனை ஏற்ற வந்திருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். விசை அசையவே இல்லை. கல்லாய்ச் சமைந்திருந்தது.

கிராணிக்கு அது தெரியவில்லை. அவர் என் விரலைப் பார்க்கவில்லை, குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை செத்துவிட்டது என்பது அந்த ஸ்டோரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் அம்மா திட்டிய வாய்தான் கைகொடுத்தது.

"சுடாதுதான் ஐயா. பல தடவை சுடாது. ஒரு தடவை சுடும். சுட்டப்போ மரம் என்ன ஆச்சுன்னு நீங்களும்தான் பார்த்தீங்க. உங்க நெஞ்சு அந்த மரத்தவிடக் கெட்டியா?"

அவர் கால் நின்றுவிட்டது.

"இன்னைக்கு அது எந்தத் தடவைன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா வாங்க."

நல்ல துப்பாக்கியாக இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. ஒரு பெண்ணுக்குக் குறி பார்க்கத் தெரியாது என்று பாய்ந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் குணம் அவருக்குத் தெரியும். அது யார் பேச்சையும் கேட்காது, என் பேச்சையும் கேட்காது. நான் சுட மாட்டேன் என்று அவர் நம்பினாலும், துப்பாக்கியை அவரால் நம்ப முடியவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்து வெற்றிலை வாய் வரை வந்தது.

"ஜப்பான்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா, உன் தலை கம்பத்துல தொங்கும்" என்றார்.

"சொல்லுங்க. ஒரு துப்பாக்கியும் இல்ல, என் தலை பொறுப்புன்னு குனிஞ்சு சொன்னது யாரு? என் தலைக்குப் பக்கத்துலயே உங்க தலையும் தொங்கும். எனக்குத் துணை வேணும்தான்."

அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். "லாரிக்கு ஆள் வேணுமே. நான் என்ன சொல்றது?" இப்போது கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"வாந்திபேதின்னு சொல்லுங்க. லயம் முழுக்க வாந்திபேதின்னு சொல்லுங்க. சயாம்ல எங்க ஆளுங்களுக்கு வந்ததுதானே, இங்க வந்ததா சொல்றதுல என்ன தப்பு? என் வீட்டுல இருந்து மட்டும் இல்ல, இந்த லயத்துல இருந்து இனிமே ஒருத்தரும் லாரி ஏறக்கூடாது."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நாறுகிற கட்டிகள் மேலேயே உட்கார்ந்து, அண்ணன் செத்த சேதிக்கு வராத அழுகையை அப்போது அழுதேன். வேறு ஒரு தட்டில் மாப்பிள்ளையைப் போட்டு, மேலே கட்டிகளை அடுக்கி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவரிடம், "நாளைக்கு லாரி வராது, கிழங்கு வேக வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

லாரி வந்தது. தோட்டத்து வாசலில் கிராணி வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றார். லயத்தைக் காட்டி, வயிற்றைப் பிடித்து, வாந்தி எடுப்பது போல நடித்துக் காட்டினார். நன்றாகவே நடித்தார். ஜப்பான்காரனுக்குத் துப்பாக்கியைவிட அந்த நோய்க்குப் பயம் அதிகம். இறங்காமலே லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சண்டை முடிகிற வரை எங்கள் லயத்திலிருந்து இன்னொரு ஆள் போகவில்லை. கிராணி என்னைப் பார்த்தால் வேறு வழியில் போவார். நான் வேண்டுமென்றே அவர் போகிற வழியில் போவேன்.

பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். எங்கள் துரையும் வந்தார். சிங்கப்பூர்ச் சிறையில் கிடந்து எலும்பும் தோலுமாக ஆகியிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குப் பக்கத்தில் பழையபடி வெள்ளைச் சட்டையோடு பெரிய கிராணி நின்றதைப் பார்த்ததும் என் பரிதாபம் பறந்துவிட்டது.

முதல் நாள் காலைப் பெரட்டு. வேலைக்குப் போவதற்கு முன் எல்லோரையும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கிராணி துரையின் காதில் ஏதோ சொன்னார். துரை என்னைக் கூப்பிட்டார்.

"என் துப்பாக்கி நீ திருடினது?" துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும், அவ்வளவுதான் தெரியும்.

"எடுத்தேன் தொரை. கொண்டு வரேன்" என்றேன். போய் எடுத்துக்கொண்டு வந்து, ஆபீஸ் வாசலில் போட்டிருந்த அவர் மேசையில் வைத்தேன். அவர் மேலே ஒட்டியிருந்த ரப்பரைப் பிய்த்தார். இழுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், விசையை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார், சொன்னேன். ஆசிட் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கிராணியின் முகம் சுருங்கிக் கறுத்துப்போனது. ஸ்டோரில் எதற்குப் பயந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

துரையின் கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ என்ன செஞ்சது தெரியுமா? இந்த மாதிரி உலகத்துல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்குது. இனிமே யாரும் செய்யாது. போனா போனது."

நான் அவர் மேசைக்கு இன்னும் கிட்டே போனேன்.

"என் அண்ணனும் உலகத்துல ஒருத்தன்தான் இருந்தான் தொரை" என்றேன். "அவனையும் இனிமே யாரும் செய்ய முடியாது. அவனும் போனா போனதுதான். அவனை லாரியில ஏத்தினவரு உங்க பக்கத்துல நிக்கிறாரு. உங்க துப்பாக்கி சுடாமலே என் வீட்டுக்காரரைக் காப்பாத்துச்சு. மத்தவங்களை யாரு காப்பாத்தினது?"

துரை கிராணியைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கிருந்து நகரவில்லை.

"பேரு கூப்பிடச் சொல்லுங்க தொரை. சயாம் போனவங்க பேரையும் கூப்பிடச் சொல்லுங்க. அவங்களும் இந்தத் தோட்டத்து ஆளுங்கதான். கூப்பிடலேன்னா இன்னைக்கு நான் உளியைத் தொட மாட்டேன்."

எனக்குப் பின்னால் என் கணவர் தன் உளியைத் தரையில் போட்டார். அதற்குப் பின்னால் இன்னொரு உளி விழுந்தது. பிறகு எத்தனையோ விழுந்தன. துரை தரையில் கிடந்த உளிகளைப் பார்த்தார். பிறகு கிராணியிடம், "கூப்பிடு" என்றார்.

கிராணி கூப்பிட்டார். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. ஏற்றி அனுப்பியவருக்குப் பெயர் மறக்குமா? என் அண்ணன் பெயர்தான் முதலில் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, ஆள் 'வந்தேன்' என்று சொல்வதற்கு விடுகிற நேரத்தை விட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டியிருந்தது. யாரும் 'வந்தேன்' என்று சொல்லவில்லை. கூப்பிட்டு முடிப்பதற்குள், பால் ஓடுகிற குளிர் நேரம் போய் வெயில் ஏறிவிட்டது, அன்றைக்கு மரத்தில் பால் இறங்கவில்லை.